மேலே மழை, கீழே குளிப்பு: மலையகத்தில் உயிர்காப்பு வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

நீந்தத் தெரிந்தால் போதும் என்ற நினைப்போடுதான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். ஓயாவில் (சிற்றாற்றில்) டயர் டியூபில் மிதந்து, அண்ணன்மார் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துப் பழகிய நீச்சல். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். 50 மீற்றரை 60 செக்கனுக்குள் நீந்தச் சொன்னார்கள். எனக்கு ஒன்றரை நிமிடம் தாண்டிவிட்டது. கரையேறியபோது நான் விட்ட மூச்சைப் பார்த்து, காப்பாற்றப்பட வேண்டியவன் இவன்தான் என்று அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருடம் தேறினேன். அதற்குப் பிறகு குளத்திலும் ஆற்றிலும் நின்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடற்கரைக்கு எழுதப்பட்ட பாடங்கள் நிறைய இருக்கின்றன. நம் மலைக்கு அவற்றில் பாதிதான் பொருந்தும். கடலில் அலை கண்ணுக்கு முன்னால் வருகிறது. இங்கே ஆபத்து, நாம் பார்க்காத ஒரு மலைக்குப் பின்னால் பெய்த மழையாக வருகிறது.

முதலில் உங்கள் உடம்பு

பிரிட்டனின் அரச உயிர்காப்புச் சங்கம் 1891இல் தொடங்கியது. நீச்சல் குள உயிர்காப்பாளர் பயிற்சியில் சேர அவர்கள் கேட்கும் தகுதியை நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: 50 மீற்றரை 60 செக்கனுக்குள் நீந்துவது, 100 மீற்றரை நிற்காமல் மல்லாந்தும் குப்புறவும் நீந்துவது, ஆழத்தில் 30 செக்கன் நின்ற இடத்திலேயே மிதப்பது, தரைவரை முங்குவது, ஏணி இல்லாமல் கரையேறுவது. கேட்க லேசாக இருக்கும். நேரம் பார்த்து ஒருமுறை செய்து பாருங்கள்.

ஆற்றில் பழகிய நாங்கள் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவோம். வேகத்துக்கு அது கேடு. ஆனால் மூழ்குகிறவரைக் கண்ணிலிருந்து விடாமல் நெருங்க அதே பழக்கம் உதவும். ஆகவே அதை மறந்துவிடாமல், முகம் அமிழ்த்தி மூச்சு வாங்கும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று, நன்னீரில் உடம்பு கடல்நீரில் மிதப்பதுபோல மிதக்காது. கடலில் நன்றாக நீந்துகிறவர்களும் நம் ஆறுகளில் சீக்கிரம் களைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளிரைத் தனியாகப் பழக வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் திடீரென்று குதித்தால் உடம்பு தன்பாட்டுக்கு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஒரே இழுப்பில் கதை முடிந்துவிடும். அப்புறம் மூச்சு தாறுமாறாக ஓடும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் அதோடு மல்லுக்கட்டாமல் மிதந்தபடி இருந்தால் தானாக அடங்கும். நீங்கள் இதை அனுபவித்துத் தெரிந்திருந்தால்தான், குளிக்க வருகிறவரிடம் "முதலில் கை, முகம், மார்பை நனையுங்கள், பிறகு மெதுவாக இறங்குங்கள்" என்று நம்பிக்கையோடு சொல்ல முடியும். சிவனொளிபாதமலைப் பருவத்தில், டிசம்பர் முதல் மே வரை, மலையேறும் வழியில் உள்ள சீத கங்குல ஓடையில் குளிக்கிற யாத்திரிகர்களுக்கும் இதே வார்த்தைதான்.

எங்கே படிப்பது

முதலுதவியை நீச்சலுக்கு முன்பே படியுங்கள் என்பது என் கருத்து. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. நீர் உயிர்காப்புக்கு ஸ்ரீலங்கா லைஃப் சேவிங் அமைப்பு இருக்கிறது. பொலிஸிலும் உயிர்காப்புப் பிரிவு உண்டு. பயிற்சிகள் பெரும்பாலும் கொழும்பு, கரையோரப் பக்கம்தான். நம் பிள்ளைகளுக்கு பஸ் காசும் தங்குமிடமும் பெரிய தடை. நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் செலவு தாங்கும், திரும்பி வந்த பிறகும் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஓயாவில் துணி துவைக்கவும் குளிக்கவும் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். குறுக்குக்கட்டோடு அம்மாமார் குளிக்கிற இடத்தில் ஓர் இளந்தாரிப் பயல் நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அடி விழும். அந்த இடத்துக்கு நீங்கள்தான் வேண்டும்.

உங்கள் தண்ணீரைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நீங்கள் காவல் நிற்கப்போகும் இடத்திலிருந்து ஆற்றோரமாக மேலே நடந்து போங்கள். எந்த ஓடை எங்கே சேர்கிறது, மேலே அணை இருக்கிறதா, மினி ஹைட்ரோ என்ற சிறு நீர்மின் நிலையத்துக்குத் தடுப்பு கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். களனி கங்கையின் தலைப்பகுதியில் கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீயும் மஸ்கெலி ஓயாவில் மவுசாகலையும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நோட்டன் பிரிட்ஜ், கென்யோன், லக்ஷபான என்று அடுத்தடுத்து நீர்த்தேக்கங்கள். கொத்மலை ஓயாவில் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை, 2012இல் மின்னுற்பத்தி தொடங்கியது.

அணை கட்டிய ஆற்றில் ஒரு பொல்லாத விசயம் உண்டு. தண்ணீரைச் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குத் திருப்பிவிடுவதால், அணைக்குக் கீழே ஆறு பல மாதம் வெறும் பாறையாகக் கிடக்கும். நடுவில் அங்கங்கே தெளிந்த மடுக்கள். பார்த்தால் குளிக்கத் தோன்றும், பாறையில் உட்கார்ந்து சோறு தின்னத் தோன்றும். தென்மேற்குப் பருவமழை பிடித்து நீர்த்தேக்கம் நிரம்பினால் வான்கதவு திறப்பார்கள். அப்போது அதே பாறை ஆற்றின் நடு. சைரன் ஊதினாலும், நீர்வீழ்ச்சி இரைச்சலில் கீழே நிற்பவர்களுக்குக் கேட்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை காலையில் எழுந்ததும் வானொலிச் செய்தி கேளுங்கள். அணைப்பக்கம் வேலை செய்கிற ஒருவரின் தொலைபேசி இலக்கமாவது உங்களிடம் இருக்கட்டும். மேலே உள்ள தோட்டத்தில் தெரிந்த ஒரு அக்காவின் இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது. "இங்கே அடிச்சு ஊத்துது தம்பி" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, பெரிய அறிவித்தலைவிட முந்தி வந்து சேரும்.

ஒக்டோபர், நவம்பரில் வேறு கதை. காலை பளிச்சென்று வெயில், மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை. மழை உங்கள் தலையில் விழ வேண்டும் என்றில்லை. மேலே கொழுந்து மலையில் கொட்டினாலே போதும்.

ஆறு பெருகப்போகிறது என்பதைத் தண்ணீரே சொல்லும். தெளிந்த நீர் லேசாகக் கலங்கும், பிறகு பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். இரைச்சல் கனக்கும். மண்வாசம் வரும். காலையில் கடமைக்கு வந்ததும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள், அல்லது பாறையில் சோக்கால் கோடு போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். குச்சி நனைந்தால் யாரையும் கேட்காதீர்கள், விசில் ஊதி எல்லோரையும் மேலேற்றுங்கள். தவறான எச்சரிக்கையாக இருந்துவிட்டால் நாலு பேர் ஏசுவார்கள். ஏசட்டும்.

அடுத்து, நீர்வீழ்ச்சியின் அடிவாரம். தியலும சுமார் 220 மீற்றர், பம்பரகந்த 263 மீற்றர். உயரம் பார்க்கத்தான் அழகு. விழுகிற தண்ணீர் காற்றோடு கலந்து வெண்நுரையாகிவிடும், அந்த நுரையில் உடம்பு மிதக்காது. எவ்வளவு அடித்தாலும் கை காற்றைத்தான் அள்ளும். மினி ஹைட்ரோத் தடுப்புகளின் அடியிலும் இதே ஆபத்து, கொஞ்சம் கூடுதலாக. தடுப்பைத் தாண்டி விழும் நீர் அடியில் சுருண்டு மறுபடி தடுப்பை நோக்கியே வரும். சிக்கியவரை உருட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் யாரும் இறங்கக் கூடாது, நீங்களும்தான். கரையிலிருந்து கயிறு மட்டும்.

கால் சிக்குவது மூன்றாவது. ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. இரண்டு பாறைக்கு இடையில் பாதம் செருகிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை ஆற்றோட்டத் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்தில் வைத்து மிதந்தபடி கரைக்கு ஒதுங்க வேண்டும். இதை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் குளிக்க வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பார்ப்பது ஒரு வேலை

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று படம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் நியூயோர்க் கடற்கரையில் உண்மையான மீட்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், மேலே உயராது. உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும், கால் அடிக்காது. வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும். இப்படி 20 முதல் 60 செக்கன் வரைதான். பக்கத்தில் நிற்கிற சொந்த அண்ணனுக்கே தெரியாமல் முடிந்துவிடும்.

எனவே தேட வேண்டியது சத்தத்தை அல்ல, சத்தம் அடங்கிய இடத்தை. தலை பின்னால் சாய்ந்திருக்கிறதா, முடி கண்ணை மூடியும் ஒதுக்கிவிடாமல் இருக்கிறாரா, ஏணியில் ஏறுவதுபோலக் கை போகிறதா? சந்தேகம் வந்தால் "தம்பி, சரியா?" என்று கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் எழும்புங்கள்.

நீச்சல் குளங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: உங்கள் பகுதி முழுவதையும் 10 செக்கனில் கண்ணால் துழாவி முடிக்க வேண்டும், ஆபத்தைக் கண்டால் அடுத்த 20 செக்கனில் அவரிடம் போய்ச் சேர வேண்டும். முடியவில்லை என்றால் உங்கள் பகுதி பெரிது, இன்னோர் ஆள் வேண்டும் என்று மேலாளரிடம் கேளுங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் உயிர்காப்பாளரையே துவாய் மடிக்கவும் விட்டிருந்தார்கள். வாய் திறக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. நீங்கள் முதல் நாளே திறங்கள்.

மலையகக் குளங்களுக்கு இன்னொரு விதி: மூடுபனி. வெளிக்குளத்தில் பனி இறங்கி, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து குளத்தின் தரையும் வடிகால் மூடியும் தெரியாமல் போனால் குளத்தை மூட வேண்டும். விருந்தாளி முறைப்பார். கிரகரி வாவி போன்ற இடங்களில் படகுக்கும் இது பொருந்தும். மிதவை அங்கியைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் கட்டியிருக்க வேண்டும்.

வாயும் விசிலும்

நல்ல நாள் என்பது உடுப்பு நனையாமல் வீட்டுக்குப் போகிற நாள். அப்படிப் போவதற்குப் பேச்சு வேண்டும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாப் பக்கம் நாடு முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். வேனில் பாட்டு, கையில் போத்தல். சாராயம் உள்ளே போனவரிடம் சட்டம் பேசி வேலையில்லை. கூட்டத்தில் குடிக்காத ஒருவரை, அல்லது அவருடைய மனைவியை, அம்மாவைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். "அண்ணே, இந்த மடு பார்க்க இடுப்பளவு மாதிரி இருக்கும், ரெண்டு எட்டு வச்சா கால் எட்டாது, அந்தப் பக்கம் குளிங்க" என்று மாற்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் கேட்பார்கள். வெறுமனே "போகாதே" என்றால் வீம்புக்குப் போவார்கள்.

சிங்களம் கட்டாயம் வேண்டும். "வத்துர வெடி வெனவா, கொடட்ட என்ன" (தண்ணீர் கூடுது, கரைக்கு வாங்க) என்ற ஒரு வசனமாவது கத்திச் சொல்ல வர வேண்டும். கொஞ்சம் ஆங்கிலமும். எதுவும் புரியாதவருக்கு விசிலும் கையும்.

இறங்குவது கடைசி

வரிசை இதுதான்: கூப்பிடு, நீட்டு, எறி, மிதவையோடு போ. இதற்கு மேல் வெறுங்கையோடு நீந்திப் போவது என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயிற்சியில் மட்டும் செய்யுங்கள்.

நீட்ட எதுவும் ஆகும். மூங்கில் கம்பு, சாரம், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு. தரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் அவர் இழுக்கிற இழுப்பில் நீங்களும் உள்ளே.

எறிவதற்கு 15 முதல் 20 மீற்றர் மிதக்கும் கயிறு, பையில் சுருட்டியது. ஒரு நுனியைக் கையில் பிடித்து, பையை அவருடைய தலைக்குச் சற்று மேலாகப் போகும்படி எறியுங்கள். எறிவதற்கு முன் "கயிறு!" என்று கத்துங்கள். ஓடும் ஆற்றில் அவர் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாகப் பிடித்தால், நீரோட்டமே அவரை ஊஞ்சல்போலக் கரைக்குக் கொண்டுவந்துவிடும். கயிற்றை உங்கள் இடுப்பிலோ கையிலோ கட்டவோ சுற்றவோ கூடாது. பை வாங்கக் காசு இல்லையா? மூடி இறுக்கிய வெறும் எண்ணெய்க் கேனில் கயிறு கட்டி வையுங்கள். அதுவே மிதவையும் ஆகும்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மிதவையை உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வையுங்கள். மிதவையைத்தான் அவர் பிடிக்க வேண்டும், உங்களை அல்ல. என் முதல் மீட்பில் வீரம் காட்டி வெறுங்கையோடு போனேன். பதினாறு வயதுப் பையன், என்னில் பாதி எடை. கழுத்தைப் பிடித்து என் தலைமேல் ஏறப் பார்த்தான். பயிற்சியில் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்து வேண்டுமென்றே கீழே முங்கினேன். மேலே இருக்கத்தான் அவன் பிடித்தான், கீழே போகிறவனை விட்டுவிட்டான். பின்பக்கமாக வந்து அக்குளில் பிடித்து இழுத்து வந்தேன். இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை.

ஆள் மறைந்துவிட்டால் கண்ணை அந்த இடத்திலிருந்து எடுக்காதீர்கள். எதிர்க்கரையில் ஒரு மரம், இந்தக் கரையில் ஒரு பாறை, இரண்டையும் நேர்கோட்டில் மனதில் பிடியுங்கள். கரையில் நிற்கிற இளைஞர்கள் ஆளாளுக்குக் குதிக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தடுப்பதும் உங்கள் வேலை. ஒருவரைத் தேடப்போய் இரண்டாவது ஆளும் போன கதைகளை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு

மீட்கப் போகும்போதே ஒருவரைக் கைகாட்டி, "நீங்க, சிவப்புச் சட்டை, 1990க்கு அடிங்க" என்று சொல்லிவிடுங்கள். பொதுவாகச் சொன்னால் எல்லோரும் அடுத்தவர் அடிப்பார் என்று நிற்பார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. தோட்டத்தின் பெயர், பிரிவு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் சொல்ல வேண்டும். மெயின் ரோட்டுக்கு ஒரு பையனை ஓடவிட்டு வண்டியை வழிகாட்டி அழைத்து வரச் சொல்லுங்கள்.

மூச்சு இல்லையென்றால் நேரம் கடத்தாதீர்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டையும் ஊர்ப் பெரியவர்கள் செய்யச் சொல்வார்கள். மரியாதையோடு ஒதுக்கிவிடுங்கள். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. தலையைப் பின்னால் சாய்த்து நாடியை (முகவாயை) உயர்த்தி, முதலில் 5 மூச்சு கொடுங்கள் (சில பயிற்சிகளில் 2 என்று சொல்லித் தருவார்கள்). பிறகு நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு, இப்படியே. பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். அம்புலன்ஸ் வரும்வரை இரண்டு பேர் மாறி மாறிச் செய்யுங்கள். மலைப்பாதையில் அது நேரமெடுக்கும்.

மூச்சு இருந்தும் நினைவில்லை என்றால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ஈர உடுப்பைக் கழற்றிக் கம்பளியால் போர்த்துங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம், குளிருக்கு என்று சாராயம் ஊற்றவே வேண்டாம். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சிரித்தாலும், தண்ணீர் குடித்து இருமியவர் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக் கூடலாம்.

காப்பாற்ற முடியாமல் போகிற நாளும் வரும். அன்றிரவு தனியாக இருக்காதீர்கள். கூட வேலை செய்கிறவரிடம் நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். நேரம், நீர்மட்டம், என்ன செய்தீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பொலிஸாருக்கும் தேவைப்படும், உங்களுக்கும் தேவைப்படும்.

கடைசிச் சுற்று

மாலையில் வீட்டுக்குப் போகுமுன் கரை முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். சவர்க்காரப் பெட்டி, துவாய், செருப்பு. முக்கியமாகச் செருப்பு. ஒருநாள் ஒரு சோடி சிறு பிள்ளைச் செருப்பு பாறைமேல் கிடந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. மடுவில் கம்பு விட்டுப் பார்த்தோம், ஆற்றோரமாகக் கீழே நடந்தோம், மூன்று லயத்தில் வீடு வீடாகக் கேட்டோம். நாலாவது லயத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பயல் சம்பலோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு வந்திருக்கிறான். அவனுடைய அம்மா எங்களுக்கும் ஆளுக்கு ஒரு ரொட்டி கொடுத்தார்.